மூணாவது சரணம்

வேலையை விட்டுவிட்டு வருகிற நாளில் மோரிஸ் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் அக்காள் அக்னஸ் வீட்டில்தான் அவன் தங்கியிருந்தான். தம்பி வெறுங்காலோடு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்னஸ் ஒன்றும் கேட்கமாட்டாள். "மாதாவே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுநாள் மத்தியானத்துக்கும் சேர்த்துக் குழம்பு கூட்டிவிடுவாள்.

மோரிஸ் சோம்பேறி இல்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வான், நேரத்துக்குப் போவான், முதலாளி மனம் கோணாமல் நடந்துகொள்வான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒருநாள் அந்தக் கேள்வி வந்து அவன் தோளில் உட்காரும். இதற்குத்தான் பிறந்தேனா?

தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்தபோது, ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் வந்தது. பிள்ளைகள் "ஏழேழு" என்று கத்திவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்த்தார்கள். வாத்தியார் வெளியே ரப்பர்ப் பால் வடிகிற கித்தா மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்த காலத்தில், ஒரு மளிகைக் கடைக்காரரிடம் "நாளைக்கே நீங்க இல்லாம போயிட்டா" என்று பேச்சை ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தி, "ஆமா, நீங்க எதுக்குண்ணே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டான். கடைக்காரர் விளக்குமாற்றை எடுத்தார். கடைசியாக ஓர் இரும்புச் சாமான் கடை. அங்கே ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. தராசைக் கீழே வைத்தான், முதலாளிக்குக் கும்பிடு போட்டான், சப்பாத்தைக் கழற்றினான்.

அது எழுபத்தாறாம் வருஷம். மோரிஸுக்கு வயது இருபத்தைந்து.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கவுஸ் கடைக்குப் பசியாறப் போனான். கவுஸ் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாப்பா தொடங்கிய சாப்பாட்டுக் கடையை இப்போது அவன் கவனித்துக்கொண்டான். கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேசட் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, வெள்ளிக்கிழமையானால் நாகூர்ப் பாட்டு. அன்றைக்கு யாரோ மேசையில் மறந்துவிட்டுப் போன ஒரு கேசட்டைப் போட்டிருந்தான். அட்டையில் நீள முடிக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மை ஊறிப்போய்க் கிடந்தது.

ஆங்கில ராக் பாட்டு. தகரக் கூரையில் தேங்காய் விழுகிற மாதிரி மேளம். சைலென்சர் இல்லாத மோட்டார் சைக்கிள் மாதிரி கித்தார். அதற்கு நடுவில் ஒருவன் கிணற்றுக்குள் நின்று கத்தினான். மோரிஸ் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே ஆங்கிலத்தைக் காதில் வாங்கினான்.

ஆறு எதற்குப் பிறந்தது என்று முதல் சரணத்தில் அவன் கேட்டான். கடலுக்குப் போகப் பிறந்தது என்று அவனே சொன்னான். தீக்குச்சி எதற்குப் பிறந்தது என்று இரண்டாவது சரணம். ஒரே ஒரு தடவை எரியப் பிறந்தது. மோரிஸின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மேளம் அடங்கியது. கிணற்றுக்குள் இருந்தவன் குரலைத் தாழ்த்தி, ஏதோ மோரிஸின் தோளில் கைபோட்டுப் பேசுகிற மாதிரி, மூணாவது சரணத்தை எடுத்தான்.

"நீ எதற்குப் பிறந்தாய், தம்பி? சொல்கிறேன், கேள்..."

அடுத்து வந்தது: "வௌ வ்வௌ வௌவ்."

அவ்வளவுதான். கித்தார் உறுமியது, பாட்டு முடிந்தது.

"கவுஸ், திருப்பிப் போடு."

கவுஸ் திருப்பிப் போட்டான். ஆறு, கடல், தீக்குச்சி, வௌ வ்வௌ வௌவ்.

"டேப்பு சிக்கியிருக்கு. விடுலா" என்றான் கவுஸ்.

"விடுறதா? நான் இத்தன வருசமா மண்டையப் போட்டு ஒடச்சிக்கிற கேள்விய ஒரு வெள்ளக்காரன் கேக்குறான். கேக்குறதோட நிக்கல, பதிலும் சொல்றான். நான் விடணுமா?"

"அவன் என்னத்த சொல்லியிருப்பான்? மோரிஸ் கவுஸ் கடை பெஞ்சத் தேய்க்கப் பொறந்தவன்னு சொல்லியிருப்பான்."

ஆனால் மோரிஸ் சிரிக்கவில்லை. கேசட்டைக் கடன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் அக்காள் புருஷன் மரியராஜ் ஒரு மெர்போக் புறா வளர்த்தார். அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். காக்கிச் சட்டை போட்டுவிட்டால் அவரைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் நடுங்கும். ஆனால் மாலையில் புறாக் கூண்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், "கூவு ராஜா, கூவு செல்லம்" என்று பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கெஞ்சிக்கொண்டிருப்பார். அடுத்த மாதம் குரூணில் புறாக் கூவும் போட்டி. சென்ற வருஷம் இரண்டாவதாக வந்த பறவை, இந்த வருஷம் கோப்பையோடுதான் திரும்பும் என்று பேசிக்கொண்டார்கள்.

மோரிஸ் தன் அறையில் கேசட் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் போட்டான். நிறுத்தினான், சுற்றினான், போட்டான். வௌ வ்வௌ வௌவ். ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டான். தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டான். ஒரு சமயம் "அன்பு" என்று கேட்டது. இன்னொரு சமயம் "ஓடு" என்று கேட்டது. பசி வந்தபோது "வறுவல்" என்றே கேட்டது.

"கல்யாணம் பண்ணிக்கத்தான்னு பாடியிருப்பான்" என்றாள் அக்னஸ், கதவருகே நின்று. "அவனுக்காச்சும் புத்தி இருக்கும்."

மூன்றாம் நாள் மெர்போக் கூவுவதை நிறுத்திவிட்டது. மரியராஜ் தினை மாற்றிப் பார்த்தார், தண்ணீரில் தேன் கலந்தார், கூண்டை வேப்ப மரத்தடிக்கு மாற்றினார். பறவை கழுத்தைச் சாய்த்து, மோரிஸின் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வௌ வ்வௌ வந்தது. மரியராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"மாப்ள, நீ வேல செய்யாத. சாப்புடு, தூங்கு. ஒரு வார்த்த நான் சொன்னதில்ல. ஆனா அந்தப் பாட்டு இனிமே இந்த வீட்ல ஓடக்கூடாது. என் பறவைக்கு மனசு ஒடஞ்சு போச்சு."

"மாமா, நல்ல கேசட் ஒன்னு கெடச்சா ஒரு தடவ கேட்டுட்டு விட்டுருவேன்."

"அப்ப போய்த் தேடு. வெளிய போய்த் தேடு."

மோரிஸ் தேடினான். வாரச் சந்தையில், பழைய துணிக்கும் துரியானுக்கும் நடுவில் ஒரு சீனன் கேசட் விரித்திருந்தான். அதே நீள முடிக்காரர்கள், அதே ஊறிய மை. வாங்கி, கவுஸ் கடையில் போட்டுப் பார்த்தால், அதே இடத்தில் அதே வௌவ். சரி, சுங்கைப் பட்டாணிச் சரக்கே இப்படித்தான் என்று அலோர் ஸ்டாருக்கு ரயிலேறினான். அங்கே மசூதித் தெருவுக்குப் பின்னால் ஜைனல் என்பவர் கேசட் கடை வைத்திருந்தார். தலையில் தொப்பி, வாயில் வெற்றிலை, எந்தப் பாட்டைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிற கை. அவர் தந்ததையும் கடையிலேயே போட்டுக் கேட்டார்கள். வௌ வ்வௌ வௌவ்.

"பாய், இதுவுமா?"

ஜைனல் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். "தம்பி, தாய்லாந்து எல்லையிலேர்ந்து பட்டர்வொர்த் வரைக்கும் நீ எங்க வாங்குனாலும் இப்படித்தான் இருக்கும். எவனோ ஒருத்தன் ஒரு கேசட்டுலேர்ந்து எல்லாத்தையும் பதிஞ்சிருக்கான். எல்லாம் ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க. ஒன்னுக்கு மாறுகண்ணுன்னா அத்தனைக்கும் மாறுகண்ணு."

மோரிஸ் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜைனலுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இங்க ஆர்தர்னு ஒரு பையன் இருக்கான். கவர்மெண்டு ஆபீஸ்ல கிளார்க்கு. கல்யாண வீட்ல பேண்டு வாசிப்பான். இந்தப் பாட்ட அவன் பாடாத கல்யாணமே இல்ல. அவனுக்கு வரி தெரியாமலா இருக்கும்? சனிக்கிழம ஒரு விசேஷம் இருக்கு, போய்ப் பாரு."

சனிக்கிழமை மோரிஸ் மாமாவின் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, யாருடைய கல்யாணம் என்றே தெரியாமல் அந்த மண்டபத்துக்குள் போனான். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா, "வா தம்பி, அம்மா வரலையா?" என்று கேட்டு, கையில் பிரியாணித் தட்டைத் திணித்தாள். கல்யாண வீட்டில் தெரியாத முகத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது மறுபக்கத்து ஆளாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்ளும்.

மேடையில் ஆர்தர் நின்றான். பெல்பாட்டம், கழுத்தில் சிலுவை, கறுப்புக் கித்தார். மூன்றாவது பாட்டே அந்தப் பாட்டுதான். ஆறு கடலுக்குப் போனது. தீக்குச்சி எரிந்தது. மோரிஸ் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு மேடையருகே போய் நின்றான். ஆர்தர் கண்ணை மூடினான். நெற்றி சுருங்கியது. ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, உயிரே போகிற மாதிரிப் பாடினான்.

"வௌ வ்வௌ வௌவ்!"

பின்னால் நின்ற இரண்டு பேரும் மைக்கை நெருங்கி, "வௌவ்... வௌவ்..." என்று சுருதி சேர்த்தார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா கைதட்டினார்.

இடைவேளையில் மோரிஸ் ஆர்தரைப் பிடித்தான்.

"அண்ணே, மூணாவது சரணத்துல என்ன பாடுனீங்க?"

"பாட்டோட உயிரே அந்த வரிதான் தம்பி."

"ஆமாண்ணே. ஆனா வார்த்த என்ன?"

ஆர்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அது வார்த்த இல்ல. ஃபீலிங்கு."

பக்கத்தில் நாற்காலி வரிசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் புரையேறிவிட்டது. இருமியபடியே சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். ஆர்தரின் தங்கை பேட்ரிசியா அவள்.

"ஃபீலிங்காம். ஏண்ணே, இத்தன நாளும் நான் அத ஜப்பான் பாஷைன்னுல்ல நெனச்சேன்."

"உனக்கு ராக் மியூசிக் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆர்தர் மேடைக்குப் போய்விட்டான்.

மோரிஸ் நின்ற நிலையைப் பார்த்துப் பேட்ரிசியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏங்க, ஒரு வரிக்காகவா இந்தக் கல்யாணத்துக்கு வந்தீங்க? எந்த ஊரு?"

அவன் சொன்னான். ஏழாம் வாய்ப்பாடு, விளக்குமாறு, ஆணி, மெர்போக் எல்லாவற்றையும் சொன்னான். இதற்குமுன் யாரிடமும் அவன் இதை ஒரே மூச்சில் சொன்னதில்லை. சொல்லும்போதே அவனுக்கே கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் அவள் நடுவில் சிரிக்கவில்லை. புறா இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்தாள்.

"நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர்" என்றாள். "பினாங்குல என் கூட்டாளி பிரேமாவதி இருக்கா. அவ அண்ணன் கப்பல்ல வேல பாக்குறாரு. ஊர் ஊரா இசைத்தட்டு வாங்கிட்டு வருவாரு, ஒரிஜினலு. இந்தப் பாட்டு இருக்கான்னு கேக்கச் சொல்றேன். இருந்தா, போன்லயே போட்டுக் காட்டச் சொல்லலாம். உங்களுக்கு எங்க கூப்புட்டா கெடைக்கும்?"

மோரிஸ் கவுஸ் கடை எண்ணைக் கொடுத்தான்.

செய்தி அடுத்த வாரமே வந்தது. இசைத்தட்டு இருக்கிறது, வியாழக்கிழமை சாயங்காலம். அன்றைக்குக் கவுஸ் கடையில் ஒரு தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி கூட்டம். கவுஸ் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். லாரி டிரைவர்கள் சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தார்கள். தேத்தண்ணீர் கலக்குகிற முனியாண்டி கண்ணாடிக் கிளாஸ்களை ஒரு தட்டு நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு, நகராமல் நின்றார். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

மணி அடித்தது. மோரிஸ் எடுத்தான்.

"மிஸ்டர் மோரிஸ்? அலோர் ஸ்டார் பேசுறேன். பினாங்கு லைன்ல இருக்கா. பிரேமா, போடு."

கொஞ்சம் கரகரப்பு. பிறகு, தூரத்து ஊர்த் திருவிழா காற்றில் வருகிற மாதிரி, பாட்டு வந்தது. மோரிஸ் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் குழாயை அழுத்தினான். ஆறு. கடல். கவுஸ் விரலை உதட்டில் வைத்துக் கடையைச் சுற்றிப் பார்த்தான். தீக்குச்சி. மேளம் அடங்கியது. முனியாண்டிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தன் பிறப்புக்கும் சேர்த்து இன்றைக்கு விடை கிடைக்கப் போகிறது என்ற எண்ணத்தில் ஓர் எட்டு முன்னால் வைத்தார். தரையில் எண்ணெய்.

கிளாஸ் அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தன.

உடைந்த சத்தம் அடங்கியபோது பினாங்கில் கித்தார் உறுமி முடிந்திருந்தது. கடையில் ஒருவரும் முனியாண்டியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அடித்துவிடுவோம் என்று பயந்தார்கள்.

"கேட்டுச்சா?" என்றாள் பேட்ரிசியா.

"கேக்கலைங்க" என்றான் மோரிஸ், அழாத குறையாக. "இங்க கிளாசு ஒடஞ்சு போச்சு. நீங்க கேட்டீங்களா? என்ன பாடுனான்?"

"போய் உங்கம்மாவக் கேளு."

மோரிஸ் குழாயைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தான். திரும்ப வைத்தான். "மன்னிச்சிருங்க. உங்கள நான் ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன். கோவம் வரத்தான் செய்யும்."

"ஐயோ, நான் திட்டலைங்க! பாட்டுதான் திட்டுது. 'நீ எதுக்குப் பொறந்தேன்னு எனக்கெப்படித் தெரியும், போய் உங்கம்மாவக் கேளு.' அதான் வரி. அவ்வளவுதான் பாடுறான். பிரேமா, நீயும் கேட்டல்ல?"

"ஆமா, அம்மாவக் கேக்கத்தான் சொல்றான்" என்றது பினாங்கு.

மோரிஸ் அதைத் திருப்பிச் சொன்னபோது கவுஸ் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். லாரி டிரைவர்கள் மேசையைத் தட்டினார்கள். மோரிஸுக்குக் காதெல்லாம் சூடானது. இத்தனை நாள், இத்தனை கேசட், ஒரு ரயில் பயணம், ஒரு புறாவின் மனசு. எல்லாம் இதற்கா?

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கேப்பீங்களா?"

"என்னத்த?"

"உங்கம்மாவ."

அவனுக்கு அது தோன்றவே இல்லை. பாட்டு கிண்டல் பண்ணிவிட்டது என்று நினைத்தானே தவிர, அதைச் செய்யலாம் என்று நினைக்கவில்லை. இந்தக் கேள்வியை மளிகைக் கடைக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறான். பெற்றவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"கேட்டுட்டு எனக்கும் சொல்லுங்க" என்றாள் பேட்ரிசியா. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், முடிவு தெரியாம எப்படி? அடுத்த வாரம் எனக்குக் காலையில வேல, மத்தியானத்துக்கு மேல வீட்லதான் இருப்பேன். எண்ண எழுதிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை கவுஸின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனான். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். அப்பா சவரிமுத்து கித்தா மரத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். இப்போது வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழை விளம்பரம் வரை படிப்பதுதான் அவர் வேலை. அம்மா கேதரின் கீழே காலை நீட்டி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மோரிஸ் அவள் பக்கத்தில் குந்தினான். நாலு நெத்திலிக்குத் தலை கிள்ளிக் கொடுத்தான்.

"அம்மா, நான் எதுக்குப் பொறந்தேன்?"

கேதரின் நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தாள். "மறுபடியும் வேலைய விட்டுட்டியா?"

"விடுறதுக்கு வேலையே இல்ல. சும்மாதான் கேக்குறேன். சொல்லேன்."

"யாரு கேக்கச் சொன்னா?"

"ஒரு பாட்டு."

வேறு அம்மாவாக இருந்தால் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்திருப்பாள். கேதரினோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற ஜாதி. ஒரு நெத்திலியைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"மழை."

"என்ன மழை?"

"அந்த வருசத்து மழை. ஒரு மாசம் ஊத்துச்சு. பால் வெட்டு இல்ல. விடியக்காலம் பெரட்டுல பேரு குடுக்கப் போறதும், வேல பிரிக்கிற மண்டோரு வானத்தப் பாத்துட்டு வேல இல்லன்னு அனுப்புறதும், நனஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வாரதும். இதே சங்கதி. வீட்ல ரேடியோ கெடையாது, சீட்டாடப் போனா நான் விடமாட்டேன். உங்கப்பா வீட்லயே இருந்தாரு."

நாளிதழ் மெல்ல உயர்ந்து சவரிமுத்துவின் முகத்தை மூடியது. "கேதரின்" என்றது நாளிதழ்.

"கேக்குறான்ல? பெரிய பையன்தானே." கேதரின் மகன் பக்கம் திரும்பினாள். "அக்னஸுக்கு அப்ப பத்து வயசு. இனிமே எங்க நமக்குன்னு தொட்டிலக்கூட பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். அப்புறம் பாத்தா நீ இருக்க. எனக்கு வெக்கமாப் போச்சு. பப்பாளிக்காயத் தின்னா சரியாப் போயிரும்னு சொன்னாளுங்க. தின்னேன். பின்கட்டுல நின்ன மரத்த மொட்டையடிச்சேன். நீ அசஞ்சு குடுக்கல."

மோரிஸ் கையிலிருந்த நெத்திலியைத் தலை கிள்ளாமலே தட்டில் போட்டான்.

"மனசு உறுத்துச்சு. கோவிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். அவரு பிரெஞ்சுக்காரரு, தமிழ் அரகொற. சாமி, நான் பப்பாளி தின்னுட்டேன்னு அழுறேன். அதுல என்ன பாவம், நல்ல காய்தானேங்குறாரு. திருடித் தின்னியான்னு கேட்டாரு. இல்ல சாமி, எங்க மரந்தான்னேன். அப்ப போயிட்டு வாம்மான்னுட்டாரு."

நாளிதழ் குலுங்கியது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் வெளியே வந்தது.

"சரி, பொறந்த பெறகு?" என்று கேட்டான் மோரிஸ்.

"பொறந்த பெறகு என்ன? வந்துட்ட. தூக்கி வச்சுக்கிட்டேன். நல்ல கனம். உங்கக்கா உன்ன எறக்கவே விடமாட்டா." அவள் தட்டை உதறினாள். "சாப்புட்டுட்டுப் போறியா? இதத்தான் சம்பல் வைக்கப் போறேன்."

சவரிமுத்து நாளிதழை இறக்கினார். "அப்படி மழை அதுக்கப்புறம் பெய்யவே இல்ல" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.

மோரிஸ் தனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. குடையைத் தொலைத்துவிட்டோம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடியவனிடம், நீ குடையே எடுத்துக்கொண்டு போகவில்லையே என்று வீட்டில் சொன்ன மாதிரி இருந்தது. கொஞ்சம் வெட்கம், நிறைய நிம்மதி. யாரும் அவனை எதற்காகவும் திட்டம் போட்டு அனுப்பவில்லை. மழை பெய்தது, வந்துவிட்டான். பப்பாளிக்கும் அசையாமல் வந்திருக்கிறான். சம்பலைப் போட்டு மூன்று தடவை சோறு வாங்கினான். கேதரின் சந்தேகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் கவுஸ் கடையிலிருந்து பேட்ரிசியா வீட்டைக் கூப்பிட்டான்.

"கேட்டீங்களா?" என்றாள் எடுத்தவுடனே.

"கேட்டேன்."

"எதுக்காம்?"

"மழைங்க."

அவன் மிச்சத்தையும் சொன்னான். பெரட்டு, சீட்டாட்டம், பப்பாளி. பிரெஞ்சுச் சாமியாரிடம் வந்தபோது அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டுக்குள் தூரத்தில் அவள் சிரிப்பது கேட்டது. யாரோ வந்து என்னாச்சு என்று கேட்பதும், அவள் "பப்பாளி... பப்பாளி" என்று சொல்ல முயல்வதும் கேட்டது. மோரிஸ் பொறுமையாகக் காத்திருந்தான். அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்கு எந்த அவசரத்தையும் தரவில்லை. கவுஸ் கல்லாவிலிருந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓகோ" என்றான்.

அந்த வாரமே மரியராஜ், பெரிய நம்பிக்கை ஏதும் இல்லாமல், தன் பஸ் கம்பெனியில் நேரக் காப்பாளர் வேலை ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார். பஸ் எப்போது வரும், ஏன் வரவில்லை என்று ஜனங்களுக்குப் பதில் சொல்லவேண்டிய வேலை. அந்த இடத்தில் யாரும் நிலைத்ததில்லை. நாளெல்லாம் திட்டு வாங்கவேண்டும். மோரிஸ் போய், பஸ் ஸ்டாண்டில் இருந்த பலகைக் கூண்டில் உட்கார்ந்தான். முதல் நாளே புக்கிட் செலம்பாவ் பஸ் வழியில் நின்றுபோய், கூடையும் கோழியுமாகப் பெரும் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொண்டது. அவன் ஒவ்வொருவரிடமும் எங்கே போகவேண்டும், யார் காத்திருப்பார்கள் என்று விசாரித்தான். அவர்களும் திட்டுவதை மறந்து கதை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் பஸ் வந்த பிறகும் ஏறாமல், மகள் வீட்டுக் கதையை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார்.

அக்னஸ் மாலைதோறும் ஜன்னலில் நின்றாள். ஒரு மாதமானது, இரண்டானது. கடைசியில் அவளால் பொறுக்க முடியவில்லை. "உடம்புக்கு ஒன்னும் இல்லையே உனக்கு?" என்று கேட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, அலோர் ஸ்டார் பஸ் ரொம்பத் தாமதமாக வந்து நின்றது. பிரயாணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். எல்லாருக்கும் பின்னால், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேட்ரிசியா இறங்கினாள். நேராக அவனுடைய கூண்டு ஜன்னலுக்கு வந்தாள். போனில் பேசிப் பேசிப் பழகியிருந்தாலும், கல்யாண மண்டபத்துக்குப் பிறகு அவர்கள் நேரில் பார்ப்பது இப்போதுதான்.

அவள்தான் முதலில் தொண்டையைச் செருமினாள். "இந்த பஸ்சு ரொம்ப லேட்டு. யாருகிட்ட கம்ப்ளைன் பண்றது?"

"எங்கிட்டதாங்க."

"நெறைய இருக்கு. நின்னுக்கிட்டே சொல்ல முடியாது."

மோரிஸ் ஜன்னல் பலகையை மூடினான். வெளியே வந்து, எதிரே கவுஸ் கடையைக் காட்டினான். "சாப்புட்டுக்கிட்டே சொல்லுங்க. எனக்கு அடுத்த பஸ் வர்ற வரைக்கும் வேல இல்ல."

"அது எப்ப வரும்?"

"தெரியலைங்க" என்றான் மோரிஸ். இரண்டு பேரும் ஒரே குடையில் தெருவைக் கடந்தார்கள்.